கேட்கும் காதுக்குக் கண் இல்லை

"அம்புலன்சை அனுப்பாமல் இந்தப் பெட்டை ஏன் இத்தனை கேள்வி கேட்கிறாள்?" 999ஐ அழைத்த எம்மவர் பலர் இவ்வாறு குறைப்படக் கேட்டிருக்கிறோம். பிரசவ வேளையில் இக்கோபம் இரட்டிப்பாகிறது.

1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி லண்டனில் தொடங்கிய சேவை இது. அம்புலன்ஸ் என்று சொன்னதும் இணைப்பு அப்பகுதிக்குச் செல்கிறது. அங்கே பேசுபவர் பெரும்பாலும் வைத்தியரோ தாதியோ அல்லர். கணினித் திரையில் ஒழுங்குபடுத்தப்பட்ட வினாக்களைக் கேட்கப் பயின்றவர். அவர் வினவிக்கொண்டிருக்கையிலேயே வேறொருவர் வண்டியை அனுப்புகிறார். ஆகவே கேள்விகளால் வண்டி தாமதிப்பதில்லை.

எத்தனை வாரம்? முதற் பிள்ளையா? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நோ வருகிறது? இரத்தம் போகிறதா? பிள்ளையின் எந்தப் பாகமாவது தெரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இரண்டாம், மூன்றாம் பிள்ளைகள் பொதுவாக விரைந்து பிறக்கும். கொப்பூழ்க்கொடி முந்தி வெளிவந்தால், தாயை முழந்தாளிட்டுத் தலையைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்தச் சொல்வார்கள். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் நோவும், தோள்முனையில் வலியும், மயக்கமும் வந்தால், கரு குழாயில் தங்கி அது வெடித்திருக்கலாம். 20 வாரத்தின் பின் கடுந்தலையிடி, கண்ணில் மின்னல், விலா எலும்பின் கீழ் நோ என்பவை, வலிப்பில் முடியக்கூடிய உயர் இரத்த அழுத்தத்தின் குறிகள். "தலையிடி" என்று மட்டும் சொன்னால் இவை எப்படி விளங்கும்?

சென்ற மாரியில் ஒரு நள்ளிரவு, அயல்வீட்டு மூதாட்டி எமது கதவைத் தட்டினார். மகன் இரவு வேலையில். மருமகளுக்கு இரண்டாம் பிள்ளை. "மாஸ்ரர், ஒருக்கா வந்து இங்கிலிசிலை கதையுங்கோ." அறைவாசலுக்கு வெளியே நின்று தொலைபேசியில் பேசினோம். உள்ளிருந்து அப்பெண், "மாமி, வெளிக்குப் போகோணும் போலக் கிடக்கு" என்றாள். "அதையெல்லாம் வெள்ளைக்காரிக்குச் சொல்லாதேங்கோ" என்றார் மூதாட்டி.

நாம் சொன்னோம். மறுமுனையில் குரல் உடனே மாறியது. மலகூடத்துக்குப் போகவிடாதீர்கள், படுக்கவையுங்கள், துவாய்களை எடுங்கள் என்று கட்டளைகள் வந்தன. பிள்ளையின் தலை இறங்கி மலக்குடலை அழுத்தும்போது தாய்க்கு அவ்வுணர்ச்சி தோன்றுமாம். தலையைத் தாங்குங்கள், இழுக்காதீர்கள், பிள்ளையைத் துடைத்துப் போர்த்தித் தாயின் நெஞ்சில் வையுங்கள், கொடியை வெட்டாதீர்கள். அவர் சொன்னதை நாம் தமிழில் சொல்ல, மூதாட்டி செய்தார். பிள்ளை அழுத பின்னரே வண்டி வந்தது.

எமது பேச்சுவழக்கில் "வருத்தம்", "ஏலாமல் கிடக்கு" என்ற சொற்களுக்குள் எல்லா நோயும் அடங்கிவிடும். ஊரில் மருத்துவிச்சி முகத்தைப் பார்த்தே மீதியை அறிந்துகொள்வாள். இங்கே கேட்பவருக்குக் காது மட்டுமே உண்டு. நாம் மறைக்கும் சொல்லே சில வேளை அவர் தேடும் குறியாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையை எழுப்பி மொழிபெயர்க்க வைக்கும் வீடுகளும் உண்டு. அப்பிள்ளைக்கு இச்சொற்கள் இரு மொழியிலும் தெரியா. பெற்றவள் நோவில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே அது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "ரமில் இன்ரப்பிறிற்றர்" என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியிலேயே இணைக்க வழியுண்டு.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் பெற்றோர் வெளியே காத்திருக்கின்றனர். அந்த நேரத்தில் அரைமணியை ஒதுக்கி, வீட்டு முகவரி, தபாற் குறியீடு, கர்ப்ப வாரம், நோவின் இடைவெளி, இரத்தப்போக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கலாம். தாய்மாரோடு தந்தைமாரும் அமர வேண்டும். கற்பிக்க ஆள் வேண்டுமெனில், நாம் வர ஆயத்தமாக இருக்கிறோம்.