கசாயமும் குளிசையும்

வயிற்றுவலி என்றால் வாய்விட்டுச் சொல்லும் நாம், மனம் சோர்ந்து போனால் மட்டும் ஏன் மறைத்து வைக்கிறோம்? அப்படி மறைத்ததனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2016ஆம் ஆண்டு என் உம்மா மௌத்தானார். ஆறு மாதம் கழிந்தும் எனக்குத் தூக்கமில்லை, சாப்பாட்டில் ருசியில்லை, பிள்ளைகள் பேசுவதுகூட எங்கோ தொலைவில் கேட்பது போலிருந்தது. "ஈமான் குறைஞ்சி போச்சி" என்றார் ஓர் உறவுக்காரர். டொக்டரோ, இதுவும் ஒரு நோய்தான் என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். அதையும் எடுத்துக்கொண்டு, கணவர் துணி வியாபாரம் செய்யும் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போனேன்.

அங்கே பக்கத்து வீட்டு மூதாட்டி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, மூலிகை வைத்தியர் ஒருவரிடம் எங்களைக் கூட்டிச் சென்றார். அவர் இரண்டு கைகளிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், பசி, மாதவிலக்கு எல்லாம் விசாரித்தார். "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்றபோது மட்டும், வெட்கத்தில் இல்லையென்று தலையாட்டினேன்.

சீன வைத்தியத்தில் இந்த நோயை ‘யூ’ என்கிறார்கள். தேங்கி நிற்பது என்று பொருள். ‘சீ’ எனும் உயிராற்றலைத் தடையின்றி ஓடவிடுவது ஈரலின் வேலையாம். துக்கம் உள்ளே அடைபட்டால் அந்த ஓட்டம் தேங்குமாம். அதற்குப் பேர்போன மருந்து ‘சியாவ் யாவ் சான்’. சொங் அரச காலத்து மருந்து நூலிலேயே இது இருக்கிறது. ‘சாய் ஹு’, ‘டாங் குய்’ போன்ற சீன வேர்களோடு, நாமறிந்த அதிமதுரம், இஞ்சி, புதினாவும் அதில் சேரும்.

கசாயம் குடிக்கத் தொடங்கியதும் குளிசையை ஒரேயடியாக நிறுத்தினேன். நாலைந்து நாளில் தலை சுற்றியது; தலைக்குள் கரண்ட் அடிப்பது போலிருந்தது; காரணமின்றி அழுகை வந்தது. சீன மருந்து நஞ்சாகிவிட்டதென்று பயந்து ஊர் டொக்டருக்குக் கோல் எடுத்தேன். "கசாயத்தைக் குற்றம் சொல்லாதீங்க. குளிசையைப் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் இப்படி வரும்" என்றார் அவர்.

பிறகுதான் தேடிப் படித்தேன். மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் இரசாயனங்களில் ஒன்று செரட்டோனின். என் குளிசை, அது திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆனால் செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு என்று சொல்லிவிட முடியாது. குளிசை சில மணி நேரத்திலேயே அதன்மேல் வேலை செய்கிறது. மனம் தெளியவோ வாரக்கணக்கில் ஆகிறது. 2022இல் வெளிவந்த பெரிய மீளாய்வொன்றும் அந்தக் குறைபாட்டுக்கு உறுதியான சான்றில்லை என்றது. இதனால் குளிசை வீண் என்றாகாது. மூளை நாம் நினைத்ததைவிடச் சிக்கலானது, அவ்வளவுதான்.

சியாவ் யாவ் சான் பற்றியும் சீனாவில் பல ஆய்வுகள் நடந்துள்ளன. பலன் கண்டதாகச் சொல்பவை அநேகம். ஆனால் பெரும்பாலானவை சிறியவை, தரம் குறைந்தவை.

மூலிகைதானே, என்ன செய்யப் போகிறது என்று எண்ணாதீர்கள். அதிமதுரம் நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் கூடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர் டாங் குய் சாப்பிட்டால் இரத்தக்கசிவு வரலாம்.

வெட்கத்தை விட்டுச் சீன வைத்தியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கசாயத்தை நிறுத்தி, "முதலில் உங்கள் டொக்டர் சொன்னபடி நடங்கள்" என்றார். மாதங்கள் சென்று, அல்லாஹ்வின் அருளால் சுகமானேன்.

சகோதரிகளே, எந்த வைத்தியரிடம் போனாலும் நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் வாடிப்போயிருந்தால், அவருடைய ஈமானை எடைபோடும் முன், "தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா?" என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். அந்நிய நாட்டில் ஒருவர் அப்படிக் கேட்டதுதான் என் மனத்தின் முதல் கதவைத் திறந்தது.