ஹிரோசிமாவில் ஓர் உல்லாசப் பிரயாணி

ஹிரோசிமாப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் உல்லாசப் பிரயாணி முதலில் ஏமாற்றமே அடைகின்றான். அழிவைக் காண வந்தவனை எதிர்கொள்வது ஆறுகள் கிளைத்தோடும் அழகிய நகரமொன்று. அவன் ஏறும் ட்ராம் வண்டியில் பாடசாலைச் சிறுவர் சிரித்துப் பேசிச் செல்கின்றனர். 1945 ஆகஸ்ட் 6 ஆம் திகதி குண்டு விழுந்தது. மூன்றே நாட்களில் பாதையின் ஒரு பகுதியில் ட்ராம் வண்டிகள் மீண்டும் ஓடின.

உடைந்த கூரையுடைய மண்டபத்தைக் கண்டதும் பிரயாணி ஆறுதலடைந்து புகைப்படக் கருவியை எடுக்கின்றான். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்தளித்தபடி 1915 இல் எழுந்த கண்காட்சி மண்டபம் அது. காணுந்தோறும் நெஞ்சு பதறுகின்றது, இடித்துவிடுங்கள் என்றோர் அந்நகரத்தவருள்ளேயே இருந்தனர். நெடிய வாதத்தின் பின்னர், 1966 இலேயே நகரசபை அதனைக் காப்பதெனத் தீர்மானித்தது. 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. ஒரு சாரார் காணப் பொறாத அக்காட்சியின் முன்னே மற்றொருவன் புன்னகையோடு நின்று படமெடுத்துக் கொள்கின்றான். அவனைப் பழிப்பது எளிது. ஆயின் அவன் வராதிருந்தால் மட்டும் என்ன நன்மை?

ஆற்றுக்கு அப்பால் சமாதானப் பூங்கா. கென்சோ தாங்கே அமைத்த அப்பூங்காவின் மரநிழலில் அமர்ந்து பிரயாணி உணவுப்பொதியை அவிழ்க்கின்றான். நல்லவேளை, குண்டு ஒரு வெட்டவெளியில் விழுந்தது போலும் என்று எண்ணவும் செய்கின்றான்.

நூதனசாலையில் துருவேறிய முச்சக்கரச் சைக்கிளொன்று இருக்கின்றது. நான்கு வயதும் நிரம்பாத மகனை வீட்டு வளவில் அடக்கஞ்செய்த தந்தை, அவன் விரும்பி ஓட்டிய அதனையும் உடன் புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985 இல், எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றத் தோண்டியபோது அதுவும் வெளிவந்தது. பிரயாணி அதனைப் படமெடுக்கவில்லை.

வெளியே, பூங்காவின் ஓரிடத்தில் மண்ணை அகழ்ந்து காட்டியிருக்கின்றனர். 2022 இல் திறக்கப்பட்ட சிறு காட்சியகம் அது. உள்ளே ஒரு வீட்டின் கரிந்த தரைப்பாய். வெட்டவெளியன்று, நகாஜிமா என்னும் நெருக்கமான குடியிருப்பு, கடைகளும் வீடுகளும் கோயில்களும் நிறைந்த ஊர். அதன்மேல் மண்பரப்பி எழுந்ததே பூங்கா. நண்பகலில் தான் உணவுண்ட மரநிழல் எவர் வீட்டு அடுக்களையின் மேலோ என்று அவன் திரும்பிப் பார்க்கின்றான். அங்கே இப்பொழுது வேறு சிலர் அமர்ந்து பொதியை அவிழ்த்துக் கொண்டிருந்தனர்.