டிராகுலாவுக்குத் தாடி உண்டு!

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தியோமான் தீவுக்குப் போயிருந்தோம். மெர்சிங்கில் ஃபெரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கடல் பயணம். தீவைச் சுற்றியுள்ள கடல் 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பிடிக்கத் தடை உண்டு. தெக்கேக் படகுத்துறை அருகே இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை நனைத்தாலே போதும், மீன்கள் கண்ணுக்கு முன்னால் நீந்துகின்றன.

நான் பவளப்பாறைப் பக்கம் வண்ண மீன்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பத்து வயது மகளோ மணல் திட்டை விட்டு நகரவில்லை.

"அப்பா, இங்க வாங்க. இந்த மீனுக்குத் தாடி இருக்கு!"

ஒரு சாண்கூட இல்லாத மீன். முகவாயின் கீழே இரண்டு மெல்லிய இழைகள். அவற்றால் மணலைத் துழாவித் துழாவி இரை தேடியது. அந்த இழைகளில் சுவையறியும் செல்கள் உண்டு. நாம் நாக்கால் அறிவதை அது தாடியால் அறிகிறது! நீந்திப் போகும்போது தாடியை மடக்கி முகவாய்க்கு அடியில் வைத்துக்கொள்கிறது.

மாலையில் மகள் நோட்டுப் புத்தகத்தில் அதை வரைந்தாள். படத்தைப் பார்த்த என் அம்மா, "இது ஈக்கான் பிஜி நங்கா. மஞ்சள் தூள் தடவிப் பொரிச்சா அவ்வளவு ருசி" என்றார். பலாக்கொட்டை மீன் என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். தமிழகக் கடற்கரையில் இதை நவரை என்பார்கள். ஆனால் இவை பல மீன்களுக்குப் பொதுவான பெயர்கள். நாங்கள் பார்த்தது எது?

விடுதியில் ஒரு பழைய மீன் கையேடு கிடைத்தது. புரட்டிய வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், பாருபெனியஸ் பார்பெரினஸ். கண் வழியாகப் போகும் அதே கருங்கோடு, வால் அடியில் ஒரு கரும்புள்ளி. மகள் படத்தில் புள்ளி இல்லை. வாலில் வரிவரியாகப் பட்டைகள் இருந்தன.

"வாலில் பட்டை கிடையாதும்மா, புள்ளிதான். மாத்திடு" என்றேன். ஒன்றும் பேசாமல் அழித்தாள்.

மறுநாள் காலை அதே மணல் திட்டு. ஒரு மீனைப் பத்து நிமிடம் விடாமல் பின்தொடர்ந்தேன். புள்ளியைக் காணோம். வாலின் இரு பிரிவிலும் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. மணலில் அமர்ந்ததும் வெளிர் உடலில் செந்திட்டுகள் படர்ந்தன. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

மீண்டும் கையேட்டை எடுத்தேன். வாலில் பட்டை என்றால் அது உபெனியஸ் இனம். மேல் பிரிவில் மட்டும் பட்டை, உடலில் ஒரு மஞ்சள் கோடு என்றால் மொலுக்கென்சிஸ். உடலில் பல கோடுகள் இருந்தால் விட்டேட்டஸ். இரு பிரிவிலும் பட்டை, ஒற்றைக் கருங்கோடு, உடலெங்கும் பொடிப்புள்ளிகள் என்றால்? உபெனியஸ் டிராகுலா. ஜான் ரிச்சர்ட்சன் என்ற இயற்கை ஆய்வாளர் 1846இல் வைத்த பெயர்.

"டிராகுலாவா? ரத்தம் குடிக்குமா?" என்று சிரித்தாள் மகள்.

"நீ வரைஞ்சதுதான் சரி. தெரிஞ்சும் ஏன் அழிச்சே?"

"நீங்க சொன்னீங்களே, அப்பா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் கண்ணால் பார்த்ததை நான் பார்க்காமலே திருத்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் புள்ளியை அழித்துவிட்டுப் பட்டைகளை மறுபடி வரைந்தாள்.

தியோமான் போனால் பவளப்பாறை மேல் கால் வைக்காதீர்கள். மணல் திட்டையும் கொஞ்சம் பாருங்கள். தாடி மீன் தென்பட்டால் முதலில் வாலைக் கவனியுங்கள். பிள்ளைகள் ஏதாவது சொன்னால், கையேட்டைத் திறப்பதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.