முள் எப்பங்க ஏறுது?

மேட்டுப்பாளையத்தை விட்டு கல்லாறு வந்ததும் சமதளம் முடிந்துவிடும். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள்தான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயரத்தில் சுமார் 1,500 மீட்டர் வித்தியாசம். கோடை சீசனில் பர்லியார் பழக்கடைகளை ஒட்டி பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் கார்களில் பெரும்பாலானவை பழையவை, இரண்டு மூன்று கை மாறியவை. இதே சரிவில் 1899 முதல் ஏறிக்கொண்டிருக்கும் மலை ரயிலின் நீராவி எஞ்சினும் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகிறது. அதற்குத் தண்ணீர் தீர்வது வாடிக்கை. காருக்குத் தீர்ந்தால் பழுது.

அந்தப் பழுதைப் பிடிப்பவர்களைப் பார்க்கத்தான் ஊட்டி சாலையோரப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, கிரீஸ் ஊறிய மண் தரை. அம்பாசடர் காலத்தில் எடுபிடியாக வந்து சேர்ந்தவர் இன்று அங்கே தலைமை மெக்கானிக். எதிரே 2004 மாடல் மாருதி 800 ஒன்று நின்றது. கோவையில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் வாங்கிய வண்டி.

“ஹீட் ஆகுதுங்கண்ணா. கேஸ்கட் போயிருக்கும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க” என்றார் வண்டிக்காரர்.

மெக்கானிக் பானெட் பக்கமே போகவில்லை. “முள் எப்பங்க ஏறுது? டிராஃபிக்ல நிக்கும்போதா, பைபாஸ்ல ஓடும்போதா, மலை ஏறும்போதா?”

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. நிற்கும்போது மட்டும் சூடேறி, வேகமெடுத்தால் இறங்குகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மேல். ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வரும், நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஓட்டத்தில் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். கிளப்பிய சில நிமிடங்களிலேயே எகிறினால் தண்ணீர் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் கேஸ்கட். மலை ஏற்றம்தான் எல்லாவற்றையும் அம்பலப்படுத்தும் பரீட்சை: இரண்டாவது கியரில் எஞ்சின் முக்கிக்கொண்டிருக்கும், எதிர்க்காற்றோ இருக்காது.

“ஊர்ல ஒண்ணும் தெரியறதில்லைங்க. பர்லியார் தாண்டுனா ஏறுது” என்றார் வண்டிக்காரர். அப்போதுதான் பானெட் திறந்தது.

ராத்திரியெல்லாம் நின்று ஆறிய எஞ்சின். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. மூடியைத் திருகி எடுத்து, உள்ளே விரல் விட்டு வழித்துக் காட்டினார் மெக்கானிக். செம்மண் குழம்பு மாதிரி துரு. கூலன்ட் ஊற்றிய அடையாளமே இல்லை. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் சூடாகச் சூடாக, சுண்ணாம்பு குழாய்களில் படிந்துகொண்டே வரும்.

அடுத்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஜில்லென்று இருக்கிறது, ஃபேனோ உடனே சுற்றுகிறது. “டைரக்ட் கொடுத்திருக்கான்.” தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டிய பிறகு தெர்மோ சுவிட்ச் ஃபேனை ஓடவிட வேண்டும் என்பது முறை. யாரோ அந்த சுவிட்சைத் தவிர்த்து, சாவியோடு நேராக ஒயரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்தபடியே வண்டியைக் கிளப்பச் சொல்லிக் குனிந்து பார்த்தார். குமிழ் இல்லை. கேஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து கொப்பளிக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயிலும் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறவில்லை. கேஸ்கட் கதை அங்கேயே முடிந்தது.

மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார். தெர்மோஸ்டாட் இருந்தால், அது 80 டிகிரிக்கு மேல் போய்த் திறக்கும்வரை ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் வரக்கூடாது. இங்கே ஆரம்பத்திலிருந்தே ஹோஸ் வெதுவெதுத்தது. “கழட்டி வீசிட்டாங்க” என்றார். நம் ஊரில் ஹீட் என்றாலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. எஞ்சின் பதமான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியாக எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரேடியேட்டரின் முகத்தைத் தடவினார். பக்கத்தில் டெம்பரேச்சர் கன் கிடந்தும் அதை எடுக்கவில்லை. ஓரங்களில் சூடு, நடுவில் குளிர்ந்த திட்டுகள். அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை.

அடைபட்ட ரேடியேட்டரை யாரும் சரிசெய்யவில்லை. ஃபேனை ஓயாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி, முள்ளை மட்டும் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். சமதளத்துக்கு அது போதும். பழைய வண்டியில் ஹீட் பார்ப்பவர் பழுதைவிட, பழுதை மறைக்க முன்னால் செய்த வேலைகளைத்தான் அதிகம் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அதையும் லேசில் விடக்கூடாது. பிரஷர் குக்கர் கதைதான்: மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தினால் உள்ளே தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி கசிந்தால் குன்னூர் உயரத்தில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு ரப்பர் வளையத்தால் எத்தனை எஞ்சின்களைத் தேவையில்லாமல் பிரித்திருப்பார்களோ!

ரேடியேட்டர் அடுத்த தெருப் பட்டறைக்குப் போனது. பித்தளை என்பதால் தப்பித்தது. அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்குமாக வரும் புதியவற்றை இப்படிப் பிரித்து வேலை பார்ப்பது அரிது, மாற்றிவிடுவார்கள். ஊதுகுழல் தீயில் பற்றாசு உருக, மேல் டேங்கைக் கழற்றிய பெரியவரின் முன்கை முழுக்கத் தீப்புள்ளித் தழும்புகள். மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்தார். வெள்ளையும் பழுப்புமாகச் சுண்ணாம்புச் சில்லுகள் தரையில் உதிர்ந்தன. மீண்டும் ஈயம் பற்றவைத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தார். ஒரு மூலையில் குமிழ் வர, அந்த இடத்தை மட்டும் மறுபடி காய்ச்சினார். முகமூடி கிடையாது. ஈயப் புகை உடம்புக்கு ஆகாது என்பது அவருக்கும் தெரியும். “பழகிருச்சுங்க” என்பதோடு முடித்துக்கொண்டார்.

புது தெர்மோஸ்டாட், புது மூடி, சுவிட்சோடு சேர்த்த ஃபேன், பாதிக்குப் பாதி கூலன்ட். தண்ணீரைச் சுற்றவிடாத காற்றுப் பொட்டலம் உள்ளே நின்றுவிடாதபடி, வண்டியை ஓடவிட்டு மூடி வழியாகக் காற்றை வெளியேற்றினார்கள். பிறகு பர்லியார் தாண்டி ஒரு ட்ரையல். முள் பாதியில் நின்றது.

பில்லைப் பார்த்த வண்டிக்காரர் அங்கேயே கன்சல்டிங்காரரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் பதில் நிதானமாக வந்தது: “நீங்க காந்திபுரம் வரைக்கும் ஓட்டிப் பாத்துத்தானுங்க எடுத்தீங்க? அப்ப முள் ஏறுச்சுங்களா?”