மே மாதத்துக்குக் காத்திராத பூ

ஊட்டிக்குப் போவதென்றால் மே மாதம்தான் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். பள்ளி விடுமுறை, மலர்க் காட்சி எல்லாம் அப்போதுதானே! நேயர்களே, ஒரு தடவை அந்தச் சட்டத்தை மீறித்தான் பாருங்களேன். மார்ச் மாதத்தில் கம்பளிச் சட்டையும் கையுமாகத் தொட்டபெட்டாவுக்குப் புறப்படுங்கள்.

சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். அதை நெருங்க நெருங்க, காற்றுக்கு வளைந்து, முண்டும் முடிச்சுமாக நிற்கும் செடிகளைக் காண்பீர்கள். சில புதர், சில குட்டை மரம். தோல் போன்ற தடித்த இலை. கிளை நுனியில் கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்பில் மணிகள்!

"செம்பருத்தியா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லேம்மா, காட்டுப் பூவரசு" என்றார் டாக்ஸி டிரைவர்.

நம் ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது ரோடோடெண்ட்ரான். இதன் உடன்பிறப்புகள் இருப்பது இமயமலையில்! இடையிலுள்ள சமவெளியில் ஒரு செடிகூடக் கிடையாது. பூமி குளிர்ந்திருந்த பழங்காலத்தில் தெற்கே பரவி, பிறகு வெப்பம் ஏற ஏற மலையுச்சியில் ஒதுங்கிவிட்டது என்பது தாவர அறிஞர்கள் கூறும் ஒரு விளக்கம். பிறந்தகம் இமயம், புகுந்த வீடு நீலகிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இமயத்துச் சகோதரி கடல் கடந்தும் போனாள். இங்கிலாந்துத் தோட்டங்களில் அதற்குமுன் இருந்த இனங்கள் பனியைத் தாங்கும். ஆனால் பூ ஊதா நிறம். இவளோ நல்ல சிவப்பு, ஆனால் அவசரக்காரி. பனி விலகுமுன் பூத்துக் கருகிவிடுவாள். 1826-ல் ஹைகிளேர் மாளிகைத் தோட்டத்தில் இரண்டையும் கலந்து சிவப்புக் கலப்பினம் ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் பிறகு வந்த கலப்பினங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றுக்கெல்லாம் பெயர்ப் பலகை உண்டு, விலை உண்டு.

நீலகிரிக்காரிக்கு இரண்டும் இல்லை. அவள் நின்ற புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைக்கும், சீகை மரத்துக்கும், யூகலிப்டஸுக்கும் போய்விட்டது. மிச்சமுள்ள புல்வெளியிலும் சோலைக்காட்டு ஓரத்திலும்தான் அவளுக்கு இடம்.

ஒரு கிளையை ஒடித்து வந்து சென்னையில் தொட்டியில் நட்டுவிடலாம் என்று என் மனைவிக்கு ஆசை. கை நீண்டுவிட்டது.

"வேண்டாம்மா. கீழே வெயில்லே பிழைக்காது. இங்கேயே எத்தனை பாக்கி இருக்குன்னு பாருங்க" என்றார் டிரைவர்.

கை திரும்பியது. உதிர்ந்து கிடந்த ஒரு பூவை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மேட்டுப்பாளையத்தில் பிரித்துப் பார்த்தபோது, சிவப்பெல்லாம் கைக்குட்டையில்தான் இருந்தது.