எலும்புக்குள் ஒரு ஹாஃபிழ்



கொரோனாக் காலத்தில் மணமேல்குடி முதல் மீமிசல் வரை நம் கடலோர ஊர்களில், இரண்டு நாள் காய்ச்சலும் சிறிது இருமலுமாக நோய் வந்து சென்ற வீடுகள் ஏராளம். கஞ்சியும் கஷாயமும் குடித்தே பலர் தேறினார்கள். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழக அரசு எடுத்த இரத்தப் பரிசோதனை ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நோயின் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அன்று நோயாளிகளாகப் பதிவானவர்களோ மாநிலம் முழுவதிலும் சுமார் 7 லட்சம் பேர்தாம். வந்ததே தெரியாமல் வந்து போனவர்களே மிகுதி என்பது இதிலிருந்து விளங்கும்.

அவ்வாறு இலேசாக வந்த நோயால் உடலில் ஏதேனும் தங்குமா என்னும் கேள்வி அப்போது பலரையும் வாட்டியது. சில மாதங்களிலேயே எதிர்ப்பொருள் குறைந்துவிடுகிறது என்ற செய்தி அச்சத்தைக் கூட்டியது.

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலி எல்லபெடி என்பவரின் குழு இதற்கு விடை தேடி, 2021 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டது. பெரும்பாலும் இலேசான நோய் கண்ட 77 பேரின் இரத்தத்தை அவர்கள் தொடர்ந்து சோதித்தனர். முதல் நான்கு மாதங்களில் எதிர்ப்பொருள் விரைவாகக் குறைந்தது. பிறகு அந்தச் சரிவு மெதுவாகிவிட்டது. அவர்களுள் 18 பேர், நோய் கண்டு ஏழெட்டு மாதங்கள் கழித்துத் தம் எலும்பு மஜ்ஜையிலிருந்து மாதிரி எடுக்க இசைந்தனர். (இடுப்பெலும்பில் ஊசி இறக்கும் வேலை அது, ஊராருக்காக அதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.) 15 பேரின் மஜ்ஜையில் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் இருந்தன. நோய் காணாத 11 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. நான்கு மாதம் கழித்து ஐவரை மீண்டும் சோதித்தபோதும் அவை அப்படியே இருந்தன.

நோய் வந்தவுடன் உடல் இத்தகைய உயிரணுக்களைப் பெருந்தொகையாக உண்டாக்குகிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிகின்றன. எதிர்ப்பொருள் அளவு சரிவது இதனால்தான். ஒரு சில மட்டும் மஜ்ஜைக்குள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் சிறிதளவு சுரந்துகொண்டிருக்கின்றன. இரவுத் தொழுகையில் முப்பது ஜுஸ்உவையும் ஓதி முடித்த ஹாஃபிழ், ரமளான் கழிந்த பின்னும் நாள்தோறும் சிறிது ஓதி மனனத்தைக் காப்பதைப் போன்றது இது. வெளியே குரல் கேட்கவில்லை என்பதால் அவர் மறந்துவிட்டார் என்று யார் சொல்வார்? நாம் அறியாமலே நம் எலும்புக்குள் இவ்வேற்பாட்டை அமைத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

எனினும் "வந்து போய்விட்டது, இனி ஊசி எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்களைத் தடுத்தோர் நம்மில் உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. நல்ல ஹாஃபிழும் ஒத்த தோற்றமுடைய வசனங்களில் தடுமாறுவதுண்டு. வைரஸும் உருமாறி வருகிறது. 2021 இறுதியில் பரவிய ஒமிக்ரான், முன்பு நோய் கண்டவர்களையும் மீண்டும் தொற்றியது. ஆயினும் முன்னரே நோயோ தடுப்பூசியோ கண்ட உடல்கள் பெரும்பாலும் கடும் நோய்க்கு ஆளாகாமல் தப்பின. முழுத் தடை வேறு, உயிரைக் காக்கும் நினைவு வேறு. முதுமையில் அந்நினைவும் தளர்கிறது. அதைப் புதுப்பிப்பதே தடுப்பூசியின் வேலை.

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இதை நேரிலேயே காணலாம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று சில ஆண்டுகளுக்குச் செல்லும். முதியோருக்குப் போடும் ஃப்ளூ ஊசியோ அந்தந்த ஆண்டுக்கே உரியது. "சென்ற முறை உம்ராவுக்குப் போட்டதே போதாதா?" என்று அத்தா கேட்டால், அவர் உடல் மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் மாறுவதால் ஊசியையும் மாற்றியே செய்கிறார்கள் என்று சொல்லி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அழைத்துச் செல்லுங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக அந்த அவகாசம் தேவைப்படுகிறது.