விடுமுறையில் இருந்த உம்மா

"டீச்சர், மாலைதீவில் நீங்கள் சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று சஞ்சிகைக் குழு மாணவிகள் கேட்டதும் உடனே சம்மதித்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தயக்கம் வந்தது. சுற்றிப் பார்த்ததை மட்டும் சொல்லி ஒருமுறை என் வீட்டிலேயே பெரிய பிழை விட்டிருக்கிறேன். அதையும் சேர்த்து எழுதுவதுதான் சரி. மகளிடம் கேட்டேன். "எழுதுங்க உம்மா, எனக்கு வெட்கமில்ல" என்றாள்.

2015ஆம் ஆண்டு ஜனவரியில் சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு மாலேயில் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியையாகப் போனேன். அப்போது லிங்கநகரில் எங்கள் வீடு கூரையோடு நின்றிருந்தது. பூச்சு வேலை முடியவில்லை, வங்கிக் கடனும் முடியவில்லை. என் கணவரின் சிறு கடை வருமானத்தாலும் என் சம்பளத்தாலும் இரண்டையும் முடிக்க இயலாது என்று தெரிந்தபோதுதான் இந்த முடிவுக்கு வந்தோம். மகள் அப்போது மூன்றாம் தரம். அவளை என் உம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

மாலைதீவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இங்கே நமக்குச் சனியும் ஞாயிறும். ஆகவே எனக்கும் மகளுக்கும் பொதுவாகக் கிடைத்த விடுமுறை சனிக்கிழமை ஒன்றுதான். நேரமும் அரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே எட்டரை. பிள்ளை தூங்கப் போகுமுன் பேச வேண்டுமென்று நான் எப்போதும் அரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

முதல் சில வெள்ளிக்கிழமைகளை அறைக்குள்ளேயே கழித்தேன். மூன்று ஆசிரியைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த சின்ன அறை அது. கிழமை நாட்களில் வேலை மூச்சுவிட விடாது, அழக்கூட நேரமிருக்காது. விடுமுறை நாளில்தான் வீடு ஞாபகத்துக்கு வரும். என்னோடு இருந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆசிரியை பல வருடங்களாக அங்கே வேலை செய்தவர். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, "இப்படியே சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா தாங்காது டீச்சர், எழுந்து வாங்க" என்று கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். என் சுற்றுலாக்கள் தொடங்கியது அப்படித்தான்.

மாலே மிகச் சிறிய தீவு. காலாற நடந்தே அதன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடலாம். முதலில் பார்த்தது ஹுக்குறு மிஸ்கிய் என்ற பழைய ஜும்ஆப் பள்ளிவாசல். திவேஹி மொழியில் ஹுக்குறு என்றால் வெள்ளிக்கிழமை. 1658இல் சுல்தான் முதலாம் இப்றாஹீம் இஸ்கந்தர் காலத்தில் கட்டப்பட்டது. பவளக் கற்களை அளவாக வெட்டி, ஒன்றோடொன்று பொருந்தும்படி கோத்து எழுப்பிய சுவர்கள். கல்லில் நுணுக்கமான செதுக்கு வேலை. முற்றத்திலுள்ள அடக்கத்தலங்களின் மீஸான் கற்களிலும் அதே வேலைப்பாடு. எதிரே சாலைக்கு அப்பால், அந்நாட்டு மக்கள் இஸ்லாத்தை ஏற்கக் காரணமானவர் என்று அவர்கள் போற்றும் அபுல் பரக்காத் அல் பர்பரியின் ஸியாரம் இருக்கிறது. அது நடந்தது 1153ஆம் ஆண்டு என்பது அவர்கள் வரலாறு.

உலகம் சுற்றிய இப்னு பதூதாவும் 1343இல் அந்தத் தீவுகளுக்கு வந்து காழியாகப் பதவி வகித்தார். அங்கிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்து புத்தளத்தில் இறங்கி, பாவாத மலைக்கும் ஏறினார். பெரிய பயணி என்று மட்டுமே அவரைப் படித்திருந்தேன். அவரும் அந்த மண்ணில் வேலை பார்த்த ஒரு வெளியூர்க்காரர்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்னொரு நாள் மீன் சந்தைக்குப் போனோம். தரையெல்லாம் சூரை மீன் வரிசை வரிசையாகக் கிடந்தது. அந்த மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தால் வருவதுதான் நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசி. அவர்கள் மீனை 'மஸ்' என்பார்கள். சிங்களத்தில் 'மஸ்' என்றால் இறைச்சி. இரண்டும் உறவுள்ள மொழிகள் என்பதால் எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். எழுத்து மட்டும் வலமிருந்து இடமாகப் போகும். படகுக்கு அவர்கள் சொல்வது நம் 'தோணி'தான். காலையில் சூரையும் தேங்காய்ப் பூவும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மஸ்ஹுனியை ரொட்டியோடு சாப்பிடும்போதெல்லாம் உம்மாவின் அடுப்படி ஞாபகம் வரும்.

வெள்ளிக்கிழமைகளில் வில்லிங்கிலித் தீவுக்குப் போவோம். தோணியில் பத்து நிமிடம்தான். மாலேயின் மோட்டார் சைக்கிள் இரைச்சலிலிருந்து அங்கே தப்பலாம். கடலை நிரப்பி உருவாக்கிய ஹுல்ஹுமாலேயின் நீண்ட கடற்கரைக்கும் போவோம். தூரத்துத் தீவுகளுக்குப் போகும் பொதுப் படகுகள் அப்போது வெள்ளிக்கிழமைகளில் ஓடவில்லை. ஆகவே மாஃபுஷி போன்ற தீவுகளுக்கு நாங்கள் போனது சனிக்கிழமைகளில்தான்.

போன இடத்தையெல்லாம் படமெடுத்து மகளுக்கு அனுப்புவேன். நீலக் கடல், வெள்ளை மணல், தோணியின் முனையில் சிரித்தபடி நான். இரவில் அழைத்தால் அவள் முதலில் கேட்பது, "உம்மா, இண்டைக்கு எங்க போனீங்க?" என்பதுதான். நானும் கதை கதையாகச் சொல்வேன். என் கஷ்டத்தைச் சொல்லிப் பிள்ளையின் மனதை நோகடிக்கக் கூடாது என்பது என் எண்ணம். காய்ச்சலோடு வகுப்புக்குப் போனதையும், இரவிரவாக விடைத்தாள் திருத்தியதையும், அறைத் தோழியின் வாப்பா மவுத்தான செய்தி வந்த இரவில் அவருக்கு உடனே ஊருக்குப் போகப் பயணச்சீட்டுக் கிடைக்காமல் நாங்கள் விடியும்வரை அவரோடு உட்கார்ந்திருந்ததையும் நான் சொல்லவேயில்லை.

2016 டிசம்பரில் இரண்டாவது தடவையாக விடுமுறையில் ஊருக்கு வந்தேன். விமானத்தில் கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலம். பிறகு இரவு ரயிலில் திருகோணமலை. கடல் தாண்டி வந்ததை விட ரயிலில் வந்ததுதான் நீண்ட பயணம். வந்து இரண்டு நாள் கழித்து மகளின் புத்தகப் பையை ஒதுக்கினேன். தமிழ்க் கட்டுரைக் கொப்பி கிடைத்தது. 'எனது தாய்' என்ற தலைப்பில் பத்து வசனம். அதில் இப்படி இருந்தது: "எனது தாய் மாலைதீவில் விடுமுறையில் இருக்கிறார். அவர் தோணியில் போவார். கடலில் குளிப்பார். அவர் அங்கே மிகவும் சந்தோசமாக இருக்கிறார். விடுமுறை முடிந்ததும் எங்களிடம் வருவார்."

அதன் கீழே ஆசிரியை சிவப்பு மையால் சரி போட்டு, 'நன்று' என்று எழுதியிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கொப்பியை மூட முடியவில்லை. எங்களை விட்டுவிட்டு உம்மா இரண்டு வருடமாகச் சுற்றுலா போயிருக்கிறார் என்றல்லவா பிள்ளை நினைத்திருக்கிறது! அவள் மேல் பிழையில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள்.

அதே பையின் அடியில், நான்காக மடித்த தவணைப் பரீட்சைக் கணிதத் தாள் ஒன்றும் இருந்தது. 38 புள்ளி. பிறர் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கக் கடல் கடந்து போனவளின் மகள் கணிதத்தில் எடுத்த புள்ளி அது. கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "நீங்க அங்க சந்தோசமா இருந்தீங்க. சொன்னா உங்கட விடுமுறை கெட்டுப்போகும் எண்டுதான் சொல்லல்ல" என்றாள்.

அவளை நோகடிக்கக் கூடாதென்று நான் மறைத்தேன். என்னை நோகடிக்கக் கூடாதென்று அவளும் மறைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டிருந்தும் இரண்டு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் அறியாமலே இருந்திருக்கிறோம். உம்மாவிடம் போய் அழுதேன். "நீயும் பயணக் கதைதானே புள்ள சொல்லித் தந்த. அவ வேறென்னத்த எழுதுவா?" என்றார்.

திரும்பிப் போகும்போது ஒரு முடிவோடு போனேன். முதல் நாளே என் வகுப்பறையையும், மேசை நிறைந்த கொப்பிகளையும், மூன்று கட்டில் நெருக்கிப் போட்ட அறையையும், வீட்டுக்குப் பணம் அனுப்ப நான் நிற்கும் வரிசையையும் படமெடுத்து அனுப்பினேன். அன்றிரவு அவள் அதிகம் பேசவில்லை. மறுநாள் அவளே கேட்டாள்: "உம்மா, அந்தக் கொப்பியெல்லாம் திருத்தி முடிச்சிட்டீங்களா?" அதற்குப் பிறகு அவளுடைய நாட்களும் எனக்கு வரத் தொடங்கின. எந்தப் பாடம் விளங்கவில்லை, யாரோடு கோபம், உம்மம்மாவுக்கு எப்போது தலைசுற்று வந்தது என்று எல்லாம் சொல்வாள்.

சனிக்கிழமைகளையும் பிரித்துக்கொண்டேன். ஒரு சனி தீவுக்கு, ஒரு சனி மகளுக்கு. அவளுக்குரிய சனிக்கிழமையில் தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னமும் பெருக்கலும் சொல்லிக் கொடுப்பேன். இணைப்பு இடையில் அறுந்து போகும், திரும்பவும் எடுப்போம். சுற்றிப் பார்ப்பதை நான் முற்றாக விடவில்லை. விட்டிருந்தால் அந்த அறையில் என்னால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. உழைக்கிறவளுக்கு ஓய்வும் தேவைதான்.

2017 ஓகஸ்டில் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. ஆனால் அந்தச் செய்தியை அவளே எடுத்துச் சொன்னாள். "குறைஞ்சிட்டு உம்மா, ஆனா கணக்குப் பகுதி நான் பயப்படாமச் செஞ்சேன்" என்றாள். அவள் சித்தியடைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்திருக்குமா தெரியாது.

2018 ஓகஸ்டில் மாலேயையும் ஹுல்ஹுமாலேயையும் இணைக்கும் சினமாலே பாலம் திறக்கப்பட்டது. தோணியில் போய்வந்த கடலுக்கு மேலே பஸ்ஸில் போனேன். எனக்குக் கிண்ணியாப் பாலம்தான் ஞாபகம் வந்தது. 2009இல் அது திறக்கப்படும்வரை நாங்களும் துறையில் காத்திருந்து படகிலும் பாதையிலும் கடந்தவர்கள்தானே. அந்த வருட இறுதியில் கடன் முடிந்தது. ஒப்பந்தத்தை நீடிக்காமல் ஊருக்கு வந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

வந்த பிறகு இன்னொன்றும் விளங்கியது. வெளிநாட்டில் பவளப் பாறை பார்க்கப் படகேறிய நான், நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோ மீற்றர் தூரத்திலுள்ள புறாமலைக்கு அதுவரை போனதில்லை. அதன் பவளப் பாறைகளுக்காகவே 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குச் சிறுவயதில் போனதோடு சரி. பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் மான்களை வெளியூர் விருந்தாளிகளுக்குக் காட்டியிருக்கிறேன். மகளோடு நின்று பார்த்ததில்லை. வீட்டிலிருந்தால் விடுமுறை நாளென்பது உடுப்புக் கழுவவும் திருத்தல் வேலைக்கும் என்றே இருந்துவிட்டேன். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது மகளும் நானும் எங்காவது போவோம். பெரிய செலவில்லை. துறைமுகக் கரையில் அஸருக்குப் பின் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது எங்களுக்குப் பயணம்தான்.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலரின் வாப்பா, சிலரின் உம்மா வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்காவது வாரத்தில் இரண்டு நாள் ஓய்வும், படித்த தொழிலும் இருந்தன. மத்திய கிழக்கு வீடுகளில் வேலை செய்யும் நம் தாய்மாரில் எத்தனையோ பேருக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடச் சொந்தமில்லை. அவர்கள் அனுப்பும் படமும் சிரித்த படமாகத்தான் இருக்கும். அழுதுகொண்டு யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை. ஆகவே அழைப்பு வரும்போது, "எங்க போனீங்க?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று என்ன சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்றும் கேளுங்கள். உங்கள் 38 புள்ளியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர்கள் வருந்தலாம். ஆனால் வருந்தும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

வெளிநாட்டிலிருக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். பிள்ளை தாங்காது என்று நினைத்து எல்லாவற்றையும் மறைக்காதீர்கள். வயதுக்கேற்றதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்குவார்கள். நாம் சொல்லாததைத்தான் அவர்கள் தாங்களாகவே இட்டு நிரப்பிக் கொள்கிறார்கள்.

அந்தக் கட்டுரைக் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. ஒருநாள் மகள் அதை எடுத்து, கடைசி வசனத்தைப் பேனையால் வெட்டிவிட்டு, கீழே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். "எனது தாய் வேலை முடிந்து வந்துவிட்டார்."